தேநீர்த் தட்டும் வீட்டுக் கடனும்

கேரவன், டிரிஃபீல்டுக்கு அருகே, இங்கிலாந்து
செப்டம்பர் 17

அன்புள்ள ஹெஸ்டர்,

இருமல் ஒன்றைத் தவிர நானும் உன் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே ஆஸ்திரேலியாவில், ஹோபார்ட்டில், குளிர் விட்டிருக்கும், நீ நலமா என்று எழுது. போன கடிதத்தில் எதுவும் புரியவில்லை என்றாயே, அதனால் இந்த முறை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாங்கள் இன்னும் கேரவன் வண்டியில்தான் குடியிருக்கிறோம்.
2. பழைய கடனைப் புது வீட்டுக்கு மாற்ற வங்கி மறுத்துவிட்டது.
3. அதற்குக் காரணம் உன் அம்மாவின் தேநீர்.
4. நீ பணம் அனுப்பக் கூடாது.

முதலாவதில் சொல்ல அதிகமில்லை, மழை, சேறு, தகரக் கூரையில் இரவெல்லாம் சத்தம், புது வீடு முப்பது அடி தள்ளி நிற்கிறது, ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளும்வரை சாமான்களை மாற்ற எனக்குத் தைரியமில்லை. இரண்டாவதுதான் தலைவலி. பழைய வீட்டை மார்ச் கடைசியில் விற்றபோது கடனை அடைத்தோம், கெடுவுக்கு முன்பே அடைத்ததற்கு ஒன்பதாயிரம் பவுண்டு அபராதமும் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குள் புது வீட்டின் மேல் அதே கடனை எடுத்தால் அபராதம் திரும்பி வரும், பழைய ஒன்றே முக்கால் சதவீத வட்டியும் இன்னும் நான்கு வருடம் நீடிக்கும். இல்லாவிட்டால் இன்றைய வட்டிதான், அதை என் ஓய்வூதியம் தாங்காது, கட்டிய வீட்டில் ஒரு நாள்கூடத் தூங்காமல் விற்க வேண்டியதுதான். கெடு இந்த மாதம் முப்பது. தொலைபேசியில் வங்கிப் பெண்ணைப் பிடிக்க நாற்பது நிமிடம் இசை கேட்டேன், அவள் "கட்டி முடிச்ச வீட்டுக்குத்தான் மாத்துவோம் சார், பாதி வீட்டுக்கு மாத்த மாட்டோம்" என்றாள். பாதி வீடா, குழாயில் தண்ணீர் வருகிறது, குளியலறை இருக்கிறது, நகராட்சியின் நிறைவுச் சான்றிதழும் கையில் இருக்கிறது என்றேன். "எங்க மதிப்பீட்டாளர் அப்படி எழுதலையே" என்றாள். நானே தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று விதிகளை மூன்று முறை படித்தேன், இல்லை.

மூன்றாவதுக்கு வருகிறேன். மதிப்பீட்டாளர் போன வியாழன் வந்தார், அவர் சமையலறையில் நிற்கும்போது உன் அம்மா கேரவனிலிருந்து தட்டில் தேநீரை ஏந்திச் சேற்றைத் தாண்டி வந்தாள். இந்தச் சமையலறையில் ஒரு கோப்பைத் தேநீர்கூடப் போட முடியாது என்று அவர் நினைக்காமல் என்ன செய்வார்? இதைச் சொன்னதற்கு உன் அம்மா எனிட், "ஆமா எட்கர், ராணியம்மா வந்தாலும் பச்சைத் தண்ணிதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான்காவது, உன் சேமிப்பைத் தொடாதே. ஒருபோதும் எதற்கும் ஜாமீன் கையெழுத்தும் போடாதே. மறு ஆய்வு கேட்டு எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், வாசல் விளக்கை அணைக்க மறக்காதே, பல் மருத்துவரைப் போய்ப் பார்.

அன்புடன்,
அப்பா (எட்கர் லாம்ப்ளூ)

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் மதிப்பீட்டு அறிக்கையின் நகல் தபாலில் வந்துவிட்டது. தேநீர் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. "வீடு முடியவில்லை, பார்க்கும்படி எதுவும் இல்லை, குடியிருக்க இன்னும் நாளாகும் என்று உரிமையாளரே பலமுறை தெரிவித்தார்" என்று இருக்கிறது. கதவைத் திறந்ததிலிருந்து நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், வீட்டுக்கு வருகிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. எனிட் படித்துவிட்டு, "பக்கிங்ஹாம் அரண்மனையே உன்னோடதா இருந்தாலும், மன்னிக்கணும், சின்னக் குடிசைதான்னு சொல்லியிருப்ப" என்றாள். நான் சொன்னது வெறும் மரியாதைக்கு, உண்மையில் இது நல்ல வீடு என்று வங்கிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு நான்கு தாள் கிழித்தேன். மறு ஆய்வுக்கு இன்னொரு மதிப்பீட்டாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று அறிக்கையோடு வந்த கடிதத்தில் இருக்கிறது, வீட்டை எனிட் காட்டுவாள், நான் வாய் திறக்கப் போவதில்லை. ஆறு நாளாக அவளைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, அதை அடித்துவிடு.