வெள்ளத் திட்டமும் செல்வம் அண்ணையும்

நவம்பர் 19, புதன்

ஆற்றோரத்து நான்கு கிராம சபைகளும் இன்று ஒன்றுகூடி வெள்ள அவசரத் திட்டத்தை முடிவு செய்தன. எங்கள் யேர்மன் கிராமத்தின் சபையில் நானும் ஒருவன். படகு வரும்வரை எல்லோரும் மேல்மாடியில் இருக்க வேண்டுமாம். சக்கர நாற்காலியில் இருக்கும் செல்வம் அண்ணை ஆற்றடியில், கீழ்வீட்டில், தனியே இருக்கிறார் என்றேன்.

"அன்ட்ராக் மனு எழுதித் தாருங்கள், வசந்த காலத்தில் பேசுவோம்," என்றார் தலைவர்.

திட்டத்துக்கு எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

திரும்பும் வழியில் அண்ணையிடம் போனேன்.

"என்ன தம்பி, என்னைப் பற்றிக் கதைச்சனீங்களோ?"

"ஓம் அண்ணை. உங்களைத்தான் முதல்ல படகில ஏத்துவினம்."

"அப்ப இனிப் பயமில்லாமல் படுக்கலாம்."

மழை நாட்களில் அவர் வீட்டு விளக்கு விடியும்வரை எரியும். இன்று மழை பெய்தும், நான் தெருவுக்கு வருமுன்பே அணைத்துவிட்டார்.