குன்றவூர்க் கோமான் கேட்ட தலையும் ஆறக்கூடாத பாஸ்தாவும்

நலம் நிறைக. கடலும் கழியும் அரணாகச் சூழ்ந்த சங்குறை நாட்டின் அரசி, உப்பளங்களுக்கும் ஓங்கிய கலங்களுக்கும் உடையவர், நீலமாதேவியார் திருவாய் மலர்ந்தருள, அவருடைய ஓலைநாயகம் காரியாதன் எழுதியது. முகில் தங்கும் மலைகளுக்கும் தேன் வழியும் சோலைகளுக்கும் கோமானாகிய, வில்லெடுத்தால் குறி தப்பாத, ஓலையெடுத்தால் சினம் தப்பாத, குன்றவூர் வில்லவராயர் திருமுன் இது வைக்கப்படுக. தங்கள் மலைகளில் மழை தவறாதிருக்கட்டும். தங்கள் களஞ்சியத்தில் எலி நுழையாதிருக்கட்டும்.

இந்த முதல் ஏட்டை வாசித்ததும் சற்றே நிறுத்துமாறு அரசியார் வேண்டுகிறார். ஓலை கொண்டுவந்து நிற்பவருக்குத் தங்கள் அவை முற்றத்திலேயே ஓர் அடுப்பும், காய்ந்த விறகும், பெரிய பானை நிறையத் தண்ணீரும் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பானையை ஏற்றித் தீ மூட்டிய பிறகு மற்ற ஏடுகளை வாசிக்கலாம். அடுப்பு எதற்கு என்ற ஐயம் எழும். எழட்டும், இந்த ஓலை முழுவதுமே ஐயத்தைப் பற்றியதுதான்.

தங்கள் ஓலை கிடைத்தது. நம் கல்விச்சாலைக்கு விருந்தினராய்ப் படிக்க வந்த தங்கள் நாட்டு மாணாக்கரையும், அவர்களுள் ஒருத்தியான தங்கள் திருமகள் அல்லியங்கோதையையும் கற்சிறையில் அடைத்தவன் எவனோ அவன் தலை குன்றவூர் வந்து சேர வேண்டும், இல்லையேல் இரு நாட்டுக்கும் இடையே ஆன சமாதானம் முறிந்தது என்று கொள்க, என்று அதில் கண்டோம். தகப்பன் எழுதிய ஓலை அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலையைக் கேட்டவர் அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்பதையும் அறிந்துகொள்வது முறை.

அடைத்தவர் பெயர் நக்கன் ஏகவீரர். அரண்மனை மடைப்பள்ளியின் காவல் நாயகர். அவருக்குப் பொதியன் என்று ஒரு தம்பி இருந்தான். அரசியாரின் தந்தையார் ஆண்ட காலத்தில், மன்னர் உண்ணும் முன் உண்டு பார்ப்பது அவன் தொழில். ஒரு விருந்தில், அயலூர்ப் பரிசாரகர் இருவர் சூடு ஆறிவிடும் என்று அவசரப்படுத்த, பொதியன் உண்டான், நன்றாக இருக்கிறது என்று சிரித்தான், மன்னரும் உண்டார். சிறிது நேரத்தில் பொதியனும் இல்லை, மன்னரும் இல்லை. அன்று முதல் ஏகவீரர் ஒரு முறை வகுத்தார். எந்த உணவானாலும் ஒருவர் முதலில் உண்ண வேண்டும். அதில் ஒரு பங்கை இலையில் தனியே வைத்து ஒரு நாழிகை காவல் இருக்க வேண்டும். உண்டவர் உடம்பு மாறினாலும், இலையில் இருப்பது உருமாறினாலும், அது நஞ்சு. சோறு மாறியதில்லை, அப்பம் மாறியதில்லை, மீன் குழம்பும் மாறியதில்லை. தந்தையை இழந்த அரசியார் இந்த முறைக்கு மறுசொல் சொன்னதில்லை. பட்டமேறிய நாள் தொட்டு அவர் சூடாக ஒரு பிடி சோறு உண்டதில்லை என்பதைத் தங்களுக்குச் சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

இப்படியிருக்க, இத்தாலி தேசத்திலிருந்து கலம் ஏறி வந்து நம் துறையில் தங்கிவிட்ட லுக்ரேசியா அம்மை, தங்கள் மாணாக்கருக்குப் பாஸ்தா என்னும் தம் தேசத்து உணவைக் கைப்படச் செய்யக் கற்றுக்கொடுக்க அனுமதி கேட்டார். அரசியார் கொடுத்தார். ஏகவீரருக்குத் தூக்கம் போயிற்று.

கோதுமை மாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிள்ளைகள் விரலால் கலக்குவதைத் தூண் மறைவில் நின்று பார்த்தார். சட்டி இருக்கப் பலகை எதற்கு? பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி, அது உறங்கட்டும் என்று அம்மை சொன்னதும் அவருக்கு ஐயம் முற்றியது. மாவு எதற்காக உறங்க வேண்டும்? எல்லோரும் வெளியே போன பின் துணியைத் தூக்கிப் பார்த்தார், மாவுதான் இருந்தது. ஒன்றும் அகப்படாததால் ஐயம் இரட்டித்தது. பிறகு அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெலிதாக உருட்டினார்கள், நாடாவாக அறுத்தார்கள், மாடத்துக் கொடிகளில் காயப் போட்டார்கள். கடலைப் பார்த்த மாடம்! எந்தக் கலத்துக்கு இந்தச் சைகை என்று அறிய வீரர் இருவரைக் கரையில் நிறுத்தினார். கலம் ஒன்றும் வரவில்லை. ஒரு காகம் வந்து ஒரு நாடாவைக் கொத்திக்கொண்டு போனது. அந்தக் காகம் பிழைத்ததா என்று தேட ஓர் ஆளை அனுப்பினார். சிரிக்காதீர்கள் கோமானே. தம்பியைப் பறிகொடுத்தவன் கண்ணுக்குக் காகமும் சாட்சிதான்.

கல்விச்சாலை விருந்து நாளும் வந்தது. தங்கள் திருமகள் தானே பிசைந்து, தானே அறுத்து, உப்புநீரில் வேகவைத்து, பூண்டும் மிளகும் அம்மையின் தேசத்து எண்ணெயும் பாலாடைக் கட்டியும் கூட்டிய பாஸ்தாவைத் தன் கையால் சுமந்துவந்து அரசியார் முன் வைத்தாள். முன்னுண்பவர் உண்டார். ஏகவீரர் ஒரு பங்கை இலையில் எடுத்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மை பதறினார். தங்கள் திருமகளோ, அரசவை என்றும் பாராமல் அரசியாரிடம், "அம்மா, இது ஆறினா கெட்டுப்போயிடும், இப்பவே சாப்பிட்டுடுங்க" என்றாள். அவள் சொன்னது சொன்னபடியே எழுதுக என்று அரசியார் ஆணை; ஆகையால் எழுத்தாணியைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்பவே என்ற அந்தச் சொல்லில் ஏகவீரருக்குப் பழைய பரிசாரகர் இருவரின் குரலும் கேட்டது. நாழிகை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்றார். நாழிகை முடிந்தபோது இலையைப் பார்த்தார். நாடாக்கள் ஊதிப் பருத்திருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. எண்ணெயையும் சாற்றையும் உள்ளே குடித்துவிட்டு ஈரமில்லாமல் கிடந்தன. இத்தனை ஆண்டுக் காவலில் முதன்முறையாக ஓர் உணவு உருமாறியது. அம்மையையும் மாணாக்கர் அனைவரையும் களஞ்சியத்துப் பின்னாலுள்ள கற்சிறையில் அடைத்தார். எங்கள் அவையில் இருக்கும் தங்கள் தூதுவர் அதைக் கண்டு தங்களுக்கு எழுதியது அப்போதுதான்.

அரசியார் ஏன் உடனே விடுவிக்கவில்லை என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். மன்னர் உணவில் நஞ்சு என்று மடைப்பள்ளி நாயகர் சொன்னால், சோதனை செய்து பொய்யென்று காட்டாமல் அரசரும் அதைத் தள்ள முடியாது என்பது எங்கள் சட்டம். முன்னுண்டவர் நலமாகத்தான் இருந்தார். பொதியனும் முதலில் நலமாகத்தான் இருந்தான் என்றார் ஏகவீரர். சிறையிலிருந்தவர்கள் தாங்களே அதே உணவை உண்டு காட்டுவதாகச் சொன்னார்கள். நஞ்சு வைப்பவனிடம் மாற்று மருந்தும் இருக்கும் என்றார். ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் லுக்ரேசியா அம்மைதான் ஒரு வழி சொன்னார். மாவும் முட்டையும் உங்களுடையதாக இருக்கட்டும், கையும் உங்களுடையதாகவே இருக்கட்டும், நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வாயால் மட்டும் சொல்கிறோம் என்றார். அதில் சூது தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஏகவீரர் சம்மதித்தார்.

ஆக, தங்கள் திருமகள் சிறைக்குள்ளும் காவல் நாயகர் வெளியிலுமாகச் சிறை முற்றத்தில் பாடம் நடந்தது. அவர் பறித்த குழி உடைந்து முட்டை பலகையைத் தாண்டி அவர் வேட்டியில் ஓடியது. மாவு முழங்கைவரை ஒட்டியது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்த பிள்ளைகளைப் பார்த்து முறைத்தார். "உள்ளங்கையால அழுத்துங்க ஐயா, குத்தாதீங்க. அது உங்க எதிரி இல்லை" என்று தங்கள் திருமகள் கம்பி வழியே சொன்னாளாம். அழுத்தினார். மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு, அது உறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உருட்டினார், அறுத்தார், வேகவைத்தார். வேறொரு விரல் அதில் படவில்லை. இலையில் வைத்து ஒரு நாழிகை காத்தார்.

அது ஊதியது. ஒட்டியது. சாற்றைக் குடித்துக் கட்டியானது.

அவர் வகுத்த முறைப்படி நஞ்சிட்டவர் இப்போது அவரே. பிறகு மிச்சமிருந்த நாடாக்களைக் கொதிநீரில் போட்டார்; தங்கள் திருமகள் சொன்ன பதத்தில், பல்லுக்குச் சற்றே எதிர்ப்பு இருக்கும்போதே எடுத்தார்; யாரையும் முன்னுண்ண விடாமல், காத்திராமல், ஆவி பறக்கத் தம் வாயில் இட்டார். நாக்குச் சுட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் அழுதது அதற்காக அல்ல. "சூடாச் சாப்பிடணும்னுதான் என் தம்பி இந்த வேலைக்கே வந்தான்" என்றார். தம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சிறையைத் திறந்தார்.

மறுநாள் தங்கள் ஓலை வந்தது. அரசியார் அதை அவையில் வாசிக்கச் செய்து, தலை தர மறுத்துப் பதில் எழுதச் சொன்னார். ஏகவீரர் எழுந்து, "அவர் பெத்தவர், கேக்கத்தான் செய்வார். நானே கொண்டுபோறேன்" என்றார். அரசியார் தடுத்தும் கேட்கவில்லை.

ஆகவே கோமானே, தாங்கள் கேட்ட தலை வந்திருக்கிறது. உடலோடு, தானே நடந்து வந்திருக்கிறது. தங்கள் முற்றத்தில் அடுப்பின் முன் குந்தியிருப்பவர்தான் நக்கன் ஏகவீரர். அவரோடு வந்து நிற்கும் தங்கள் திருமகள் நலமாக இருக்கிறாளா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கூடையில் இருக்கும் நாடாக்கள் அவரே பிசைந்து காயவைத்தவை. அல்லியங்கோதை அவற்றைத் தொடவில்லை. தங்களுக்கு முன் உண்ணவும் மாட்டாள். முன்னே உண்டால் அது சோதனை. கூடவே உண்டால்தான் விருந்து. தங்கள் பக்கத்தில் அமர்ந்து தங்களோடு ஒரே வேளையில் கை வைப்பாள்.

தங்கள் மடைப்பள்ளியிலும் ஓர் ஏகவீரர் இருப்பார். இதை வாசிக்கும்போதே அவர் தங்கள் காதருகில் வந்து, காத்திருங்கள் என்பார். காத்திருக்கலாம், தங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நாழிகையில் அது கட்டியாகிவிடும், அதைக் காட்டி இந்தத் தலையை வாங்கிக்கொள்ளலாம், எங்கள் தரப்பில் ஒரு வாளும் உயராது. அல்லது உண்ணலாம். உண்டால் அவரைத் திருப்பி அனுப்புக, அரசியாருக்கும் பசிக்கிறது.

இரட்டைச் சுறா முத்திரை இட்டோம். தங்கள் குலமும் குன்றமும் தழைக்க. ஓலை முடிந்தது, தண்ணீர் கொதித்திருக்கும்.