காசிம் முறுக்கிய நரம்பு

தாராவி, பம்பாய்
20 பிப்ரவரி 1969

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அத்தானுக்கு, ஏஞ்சலம்மாள் எழுதுவது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். இதை வாசித்ததும் ஓரிடத்தில் உட்காருங்கள், மிச்சத்தை நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம்.

போன ஊரில் உங்கள் இசைத்தட்டு வரப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். உங்கள் டபுள் பேஸ் வாத்தியத்துக்குக் கேட்ட நரம்பு இந்தப் பார்சலில் இருக்கிறது. ஜெர்மனி கம்பி ஆகாதாம், தாராவி ஆட்டுக்குடல்தான் வேண்டுமாம்! ஓட்டலில் டான்சுக்கு ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்த மனுஷன், சொந்தமாக இசை எழுதுகிறேன் என்று அந்தக் கட்டையைப் போட்டு அடித்தபோதே நான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தான் வாசிச்சா மாடு செருமுற மாதிரியில்லா இருக்கு என்று தம்பி ஜோசப்ராஜ் சிரிப்பான். ஆனாலும் அந்தப் பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னாலேயே ரயிலேறியவன் அவன்தான்.

இங்கே கலவரம். மதராஸிகளை மாரோ என்று கத்திக்கொண்டு மாட்டுங்கா பக்கமிருந்து வந்தார்கள். கடைகளைக் கொளுத்தினார்கள். எதிர்வீட்டுத் திருவேங்கடத்தின் மண்டையை சோடா பாட்டிலால் பிளந்தார்கள். நான் அரிவாள்மணையோடு வாசலில் நின்றேன்.

உங்களுக்காக முறுக்கிய நரம்பைக் கொடுக்க வந்திருந்த காசிம் அண்ணன், வாற பயலுவ எல்லாம் விழட்டும் என்று அதையே நம் சந்து முனையில் குறுக்கே, கணுக்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினார். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியும். வேலைக்குப் போயிருந்தவனுக்குத் தெரியாது.

முதலில் ஓடி வந்தவன் ஜோசப்ராஜ். கூட்டம் துரத்த, அக்கா, கதவைச் சாத்து என்று கத்திக்கொண்டே வந்தான். தாண்டுலே, தாண்டு என்று நான் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. நரம்பில் தடுக்கி விழுந்தவனை எழவிடவில்லை, அத்தான். இரும்புத் தடியாலும் கல்லாலும் என் கண் முன்னால் அடித்தே கொன்றார்கள். நான் ஒருத்தன் கையை வெட்டினேன். அதற்கு எனக்கு வருத்தமில்லை. தம்பியின் முகம் முகமாக இல்லை. துணியால் மூடித்தான் அடக்கம் செய்தோம்.

காசிம் அண்ணன் அன்றிலிருந்து சோறு தொடவில்லை. நரம்பு முறுக்கிய விரல்களை வெட்டிக்கொள்ளப் போனாராம். கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு அவர் மனைவி சுலைகா இங்கே வந்து அழுதாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேனோ எனக்கே தெரியாது. ஆனால் அவர் சாகக் கூடாது.

நரம்பை அடுப்பில் போடத்தான் எடுத்தேன், கை வரவில்லை. கழுவினேன், கறை போகவில்லை. அப்படியே மாட்டி வாசியுங்கள். அது அலறட்டும், கேட்கிறவர்கள் எழுந்து ஓடட்டும். பிறகு, நரம்பு நன்றாகப் பேசுகிறது, இன்னொன்று முறுக்கி அனுப்புங்கள் என்று காசிம் அண்ணனுக்கு உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். என் வாயால் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

மாதா உங்கள் கைகளைக் காப்பாளாக.

ஏஞ்சலம்மாள்