ஒரு கட்டம் தள்ளி நின்ற சிப்பாய்

லேப்டாப் பையைத் துவைக்கப் போடலாம் என்று உதறினேன். உன் டிரிப் ஷீட் ஒன்று விழுந்தது. நாலாக மடித்தது, மூலையில் டீசல் கறை. பின்பக்கம் பேனாவில் நீ வரைந்த செஸ் பலகை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு நீ ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் முன் சீட் என்னுடையது. நான் ஆபீஸில் சாஃப்ட்வேரைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது, நீ பார்க்கிங்கில் மற்ற டிரைவர்களோடு செஸ் ஆடிக்கொண்டிருப்பாய்.

ஒருநாள் ஆட்டத்தில், ராணியை வெட்டுக் கொடுத்தால் ஏழாவது நகர்வில் மேட் என்று உனக்குப் பட்டிருக்கிறது. தைரியம் வராமல் டிரா செய்துவிட்டாய். மறுநாள் காலை இந்தத் தாளை நீட்டினாய்.

"உன் மெஷினாண்ட கேளு மச்சான். என் கண்ணு கரெக்டான்னு மட்டும் சொல்லு."

குலுங்குகிற பஸ்ஸிலேயே காய்களைப் போனில் ஏற்றினேன். இந்த மாதிரிச் சிக்கலான நிலைகளில் செஸ் புரோகிராம் முதலில் ஏமாறும், ராணியைக் கொடுப்பதை வீண் என்று தள்ளிவிடும், நேரம் கொடுத்தால் கண்டுபிடித்துவிடும். அது தெரிந்தவன் என்ற மிதப்பில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்.

"இன்னா சொல்லுச்சு?" என்று சாயங்காலம் கேட்டாய்.

"தப்புன்னுது அண்ணாத்த. ராஜா தப்பிச்சுடுதாம்."

"சர்தான்" என்று கியரைப் போட்டாய். எப்படித் தப்பிக்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பாய்.

அதற்குப் பிறகு நீ பலகையைத் தொட்டு நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் தலைவலி என்பாய். கடைசியாக நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, "வூட்டுக்கு வா, ஒரு ஆட்டம் போடலாம்" என்றேன்.

"வாணாம் மச்சான். எனக்கு அந்தக் கண்ணு இல்ல. மெஷினே சொல்லிச்சே" என்று சிரித்தாய். அந்த வாரமே போய்விட்டாய். திருவிடந்தையில் உன் வீட்டு வாசலில் நின்றபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இன்று உன் தாளைப் பார்த்து மறுபடியும் காய்களை ஏற்றினேன். அன்று ஏற்றிய பலகை போனில் அப்படியே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டேன். எதிராளி ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை அன்று ஒரு கட்டம் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தச் சந்தில்தான் ராஜா தப்பித்திருக்கிறது. நீ வரைந்ததில் சந்தே இல்லை.

புரோகிராம் சற்று நேரம் உன் நகர்வைத் தப்பு என்றுதான் சொன்னது. பிறகு, யார் கை ஓங்குகிறது என்று அது காட்டும் எண் புரண்டது. ஏழாவது நகர்வில் மேட்.

மெஷின் அன்றும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான் கொடுத்த பலகைக்கு. உன் கண்ணைக் கெடுத்தவன் நான். மன்னித்துக்கொள் என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது, அண்ணாத்த.

இனி எந்த நிலையை ஏற்றினாலும், பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு காயாக விரல் வைத்துச் சரிபார்ப்பேன். இன்று செய்து பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.