மாத்திரை மட்டும்தான்

அன்பு நைனா,

இன்று ஞாயிறு, காலை பதினொரு மணி. நேற்று இதே நேரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஒரு பாராசிட்டமால் மாத்திரை விழுங்கினேன். இதுவரை உடம்பில் புதுச் சிவப்பு: பூஜ்யம்.

உன் மணிக்கட்டில் இருந்த கருவட்டம் மாதிரியே எனக்கும் முழங்கைக்குக் கீழே ஒன்று, நீ போய்ச் சேர்ந்த அடுத்த வருடம் வந்தது. திடீரென்று சிவக்கும், எரியும், மறுபடி கறுக்கும். எப்போதும் அதே இடம். கத்திரிக்காய்தான் காரணம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். நீயும் அதை நம்பித்தானே கல்யாண வீடுகளில் கத்திரிக்காய்த் தொக்கைத் தொடாமல் வெறும் பிரியாணியைத் தின்றாய்?

போன மாதம் கடைவாய்ப் பல் வலி. கருவட்டத்தைப் பார்த்துவிட்டு, எந்த வலி மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று தெரியாமல் பிடுங்க மாட்டேன் என்றார் பல் டாக்டர். தாடையைப் பிடித்துக்கொண்டே பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்தேன். கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன், அம்மாவோடு. அவள் கத்திரிக்காய்க் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். டாக்டரம்மாவுக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

"சரிம்மா. கை சிவந்த அன்னிக்கு வேற என்ன சாப்பிட்டாரு?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம். ஒடம்பு வலின்னான். மாத்திரை மட்டும்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நம் வீட்டு டப்பாவில் எப்போதும் கிடக்குமே, அந்த மாத்திரைதான். அதில் இரண்டு மருந்து: நிமெசுலைடு, பாராசிட்டமால். இரண்டையும் தனித்தனியாகக் களிம்பில் குழைத்து, கருவட்டத்தின் மேலேயே ஒட்டினார்கள். முதுகிலும் ஒட்டினார்கள். முதுகு சும்மா இருந்தது. கருவட்டத்தில் நிமெசுலைடு பக்கம் மட்டும் மறுநாள் தடித்துச் சிவந்தது. இந்த வகை அலர்ஜி வந்த இடத்திலேயே குடியிருக்குமாம். அங்கே தேடினால்தான் அகப்படும்.

பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும் என்பது விழுங்கிப் பார்த்தால்தான் உறுதி என்றார். சிவப்பு அடங்கும்வரை சில வாரம் பல்லோடு மல்லுக்கட்டினேன். அந்த இடைவெளியில் மாத்திரை எதுவும் தொடாமல் கத்திரிக்காய் மட்டும் தின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ ஒங்க நைனாவுக்கும்?"

உன்னைச் சோதிக்க முடியாது, அதனால் நிரூபணம் இல்லை. ஆனால் நீ விழுங்கியதும் அதே டப்பாவிலிருந்துதானே?

காலையில் கையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். பாராசிட்டமால் போடலாம், தைரியமாகப் பல்லை எடுங்கள் என்று டாக்டரம்மா பதில் போட்டார். நிம்மதி நைனா. இனி:

1. நாளைக்கே பல்லைப் பிடுங்கிக்கொள்வேன்.
2. ஆகாத மருந்தின் பெயர் எழுதிய அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்வேன்.
3. மாத்திரைப் பட்டையின் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் எந்த மாத்திரையும் விழுங்க மாட்டேன்.
4. தங்கச்சியையும் அதைப் படிக்க வைப்பேன். அவள் என்னைக் கிண்டல் பண்ணுவாள். பண்ணட்டும், இந்த ஒரு விஷயத்தில் கத்தாமல் சொல்லித் தருவேன்.

உன் மூத்த பிள்ளை,
பிரபு