சூப்பர் ஹீரோ பேசிய பாஷை

ஞாயிறு, இரவு.

பரணைச் சுத்தம் செய்தபோது தம்பி ஜோசப்பின் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கட்டு கிடைத்தது. முகமூடியோடு பறந்துவரும் நாயகன், "நில், வஞ்சகனே" என்கிறான். ஜோசப் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "இன்னாடா, எங்க ஓடிக்கினு கீற?" என்று எழுதியிருக்கிறான். அந்த வெள்ளைக்காரனையே எங்கள் ஏரியா கல்மண்டபத்துக்காரனாக்கிவிட்டான் படுபாவி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்பா அடக்கத்தன்று வந்த சண்டைக்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. சமாதானமாக ஏதேதோ எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இப்போதுதான் பதில் வந்தது. "எங்கயும் ஓடலக்கா. எண்ணூர்லதான் கீறேன். நாளிக்கு வூட்டுக்கு வரட்டா?"

தூங்க வேண்டும். விடிவதற்குள் காசிமேடு போனால்தான் அவனுக்குப் பிடித்த சங்கரா மீன் நல்லதாகக் கிடைக்கும்.