இரண்டாவது மானோ

மார்ச் 4
இத்தாலிய வகுப்பில் நாற்காலிக்குக் 'கதவு' என்றும் கதவுக்குத் 'தக்காளி' என்றும் பெயர் அட்டைகளை மாற்றி ஒட்டியது நான்தான். பிரின்சிபால் இன்றைக்கே பார்வையிட வருவார் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? தேர்வுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். கெஞ்சினேன். டீச்சர் ஒரே வழி வைத்தார்: "ஒரு சொல்லை எடுத்துக்கோ. இத்தாலிக்காரங்க அதை எப்படியெல்லாம் சொல்றாங்கன்னு உன் காதால கேட்டுட்டு வா. மூணு வாரம். ஒண்ணு புளுகினாலும் அவ்வளவுதான்."
சொல்: மானோ. கை. என் கைவரிசைக்குப் பொருத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 6
அகராதியைப் புரட்டிப் பதினோரு பிரயோகம். பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவர்களும் கையைத்தான் கழுவுகிறார்கள்! டீச்சர் எல்லாவற்றையும் அடித்தார். "இதெல்லாம் யார் வாயால கேட்ட?" அச்சடிச்சவர் வாயால என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 9
எங்கள் கட்டட மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கிறவர், எங்களைப் போலவே இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த இத்தாலிக்காரர்! உதவட்டுமா என்றேன். "ஒரு மானோ கொடு" என்று ரோலரை நீட்டினார். அப்படியே நம் 'கை கொடு'தான். மதியம் கூட்டாளியோடு சீட்டாடினார். ஒவ்வொரு சுற்றும் ஒரு மானோ. சுவருக்கு அடிக்கும் ஒவ்வொரு பூச்சும் மானோவாம். மூன்று தேறியது. அக்கா: "வீட்டுல ஒரு தட்டு கழுவ மாட்டா. ஊர் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறாளாம்."

மார்ச் 11
ஐயோ. 'இரண்டாவது மானோ' என்று அவர் வாயால் கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அவர் சாப்பிடப் போனதும் நானே இரண்டாவது பூச்சை ஆரம்பித்தேன். முதல் பூச்சு காயவே இல்லை — ரோலரோடு தோல் தோலாக உரிந்து வந்தது. இந்தத் தடவ குறும்பே இல்ல, சத்தியமா! யாரு நம்புவா? அவர் திட்டவில்லை. சுரண்டும் தகட்டை என்னிடம் கொடுத்தார். ஓடிடலாமா? மாட்டேன்.

மார்ச் 12
சுரண்டினேன்.

மார்ச் 13
இன்னும் சுரண்டினேன். தோள்பட்டை தனியாகக் கழன்று வந்துவிடும் போல. முடித்துவிட்டுத்தான் போனேன்.

மார்ச் 16
புதிதாக அடித்த முதல் பூச்சு காய்ந்துவிட்டது. புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "ம்... இப்ப இரண்டாவது மானோ." குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். ரோலர் என்னிடம் இருந்தது.

மார்ச் 25
டீச்சர் முன்னால் பட்டியல் ஒப்பிக்கவில்லை. சுவரைக் கெடுத்த கதையை இத்தாலியனில் சொன்னேன், திக்கித் திக்கி. மானோ தானாக வந்து வந்து விழுந்தது.
"இதுல எத்தனை புளுகு?"
"புளுகியிருந்தா கதையில நான் இவ்வளவு முட்டாளா வருவேனா டீச்சர்?"
வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மார்ச் 27
தேர்வுக்குப் போகிறவர்கள் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஐந்து பெயர்கள் அச்சில். ஆறாவது மட்டும் பேனாவால்.